ஆகப்பெரிய பாடலாசிரியர் யார்? பெயர் மட்டும் போதாது, ஒரு பாட்டோடு வாருங்கள்

பாட்டுப்புத்தகம்:

தமிழ் சினிமாவில் ஆகப்பெரிய பாடலாசிரியர் யார் என்ற சண்டை எங்கே தொடங்கினாலும் ஒரே மாதிரிதான் போகிறது. ஒருவர் கண்ணதாசன் என்பார், அதற்கு மேல் பேச்சே கிடையாது என்பார். இன்னொருவர், எம்.ஜி.ஆருக்கும் எழுதி ரகுமானுக்கும் எழுதிய வாலியை விட்டால் யார் என்பார். அடுத்தவர் வைரமுத்துவின் ஏழு தேசிய விருதுகளை எடுத்து வைப்பார். இளையவர்கள் நா. முத்துக்குமார் என்று ஒரே பேச்சில் முடித்துக்கொள்வார்கள். எல்லாரும் பட்டியல் போடுகிறார்கள், ஒரு பாட்டை எடுத்து உட்கார்ந்து பார்ப்பவர் யாருமில்லை.

விருதை வைத்து அளப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பாடலாசிரியருக்கான தேசிய விருதே 1968ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது, முதல் விருது 'குழந்தைக்காக' படத்துக்காகக் கண்ணதாசனுக்குப் போனது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இலேயே போய்விட்டார். அவருக்கு முன்னால் எழுதிக் குவித்த உடுமலை நாராயணகவிக்கும் பாபநாசம் சிவனுக்கும் அவர்கள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் அப்படி ஒரு விருதே இல்லை. எத்தனை பாட்டு என்ற எண்ணிக்கையும் அப்படித்தான், நூறு பாட்டு எழுதியவர் ஆயிரம் எழுதியவரை விடச் சிறியவர் என்று எப்படிச் சொல்வது?

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆளின் பெயரைச் சொல்லுங்கள், கூடவே ஒரே ஒரு பாட்டைச் சொல்லுங்கள், அதில் அவர் என்ன செய்திருக்கிறார் என்று காட்டுங்கள். தாளில் படித்தால் நல்ல கவிதையாக இருக்கிறது என்பது மட்டும் போதாது. மெட்டில் எப்படி உட்காருகிறது, அந்தக் காட்சியில் அந்தப் பாத்திரத்தின் வாயில் எப்படி வருகிறது, அதைப் பேசலாம்.

சரணம்:

நல்ல கேள்வி. என் ஆள் கண்ணதாசன், என் பாட்டு 'வீடு வரை உறவு' (பாத காணிக்கை, 1962).

முதல் நாலு துண்டைப் பாருங்கள். வீடு வரை, வீதி வரை, காடு வரை, கடைசி வரை. வீடு, வீதி, காடு, கடைசி நாலும் ஒரே அளவு ஓசை, மெட்டு எங்கேயும் இடறவில்லை. ஒரு சவ ஊர்வலம் வீட்டிலிருந்து கிளம்பித் தெருவைத் தாண்டிச் சுடுகாட்டுக்குப் போகும் வழியை அப்படியே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார், யார் யார் எங்கே எங்கே நின்றுவிடுகிறார்கள் என்று. படிக்காதவருக்கும் புரியாத சொல் ஒன்றுகூடக் கிடையாது. இன்றைக்கும் துக்க வீடுகளில் இந்தப் பாட்டைப் போடுகிறார்கள் என்றால் சும்மா இல்லை. வாழ்க்கையில் நடக்கும் எந்தக் காரியத்துக்கும் கண்ணதாசனிடம் ஒரு பாட்டு இருக்கிறது என்று சொல்வார்களே, அது மிகைப்பேச்சு கிடையாது.

கம்பன்பித்தன்:

சரணம், அந்தச் சிந்தனை பட்டினத்தாருடையது. "அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே" என்று தொடங்கும் பாட்டைப் படித்துப் பாருங்கள். செல்வம் வீட்டோடு, பெண்கள் வீதியோடு, தலையில் கைவைத்து அழும் பிள்ளைகள் சுடுகாட்டோடு. வரிசைகூட மாறவில்லை. 'இதயக்கமலம்' படத்தில் வரும் 'தோள் கண்டேன் தோளே கண்டேன்' அப்படியே கம்பனின் "தோள் கண்டார் தோளே கண்டார்". கண்ணதாசனை நான் குறைத்துச் சொல்லவில்லை, எனக்கும் உயிர்தான். ஆனால் ஆகப்பெரியவர் என்று சொல்லும்போது எது அவருடைய சரக்கு, எது பாட்டனார் சொத்து என்று பார்க்க வேண்டாமா?

சரணம்:

பார்க்கலாம், அதைப் பார்த்தால்தான் கண்ணதாசன் இன்னும் பெரியவராகத் தெரிவார். பட்டினத்தார் அந்தப் பாட்டை எப்படி முடிக்கிறார்? "பற்றித் தொடரும் இருவினைப் புண்ணிய பாவமுமே". கடைசி வரை கூட வருவது நீ செய்த நல்வினையும் தீவினையும் என்று அடித்துச் சொல்லிவிடுகிறார். அவர் துறவி, அவருக்கு விடை தெரியும். கண்ணதாசன் அந்த இடத்தில் கடைசி வரை யாரோ என்று கேள்வியாக விட்டுவிட்டார். அதுவரை வரிசையாக விடை சொல்லிக்கொண்டே வந்தவர் நாலாவது அடியில் கையை விரித்துவிடுகிறார். துறவியின் பாட்டைச் சாதாரண மனிதனின் பாட்டாக மாற்றியது அந்த ஒரு இடம்தான். தியேட்டரில் உட்கார்ந்திருந்தவனுக்குத் தேவைப்பட்டது அந்தக் கேள்வி. இதைக் கடன் என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கீபோர்டுக்காரன்:

நான் மேடைக் கச்சேரிகளில் வாசிப்பவன், அதனால் பாட்டைக் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து பார்ப்பேன். பெரும்பாலும் மெட்டு முதலில் வந்துவிடும், இசையமைப்பாளர் தந்தானே தானனா என்று தத்தகாரத்தில் பாடிக் காட்டுவார், பாடலாசிரியர் அந்தச் சந்தத்துக்குள் சொல்லைப் போட வேண்டும். எங்கே நீட்டுகிறார்களோ அங்கே நெடில் வர வேண்டும், உச்சத்தில் பாடும் இடத்தில் 'இ', 'உ' போட்டால் பாடுபவர் தொண்டை இறுகிவிடும், 'ஆ' போட்டால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். இது தெரியாமல் எழுதப்பட்ட நல்ல கவிதைகள் பாட்டாகும்போது செத்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த விஷயத்தில் என் ஆள் வாலி. 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965) படத்தில் 'நான் ஆணையிட்டால்' பாட்டு. கையில் சவுக்கோடு எம்.ஜி.ஆர். நிற்கிறார், அதுவரை அடி வாங்கிய குடும்பத்துக்காகப் பதில் சொல்லும் இடம். முதல் இரண்டு சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். நான், ஆ, டால், மூன்று இடத்திலும் 'ஆ'. டி.எம்.எஸ். குரல் அங்கே கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறது. அதே பொருளை 'நான் உத்தரவிட்டால்' என்று எழுதியிருந்தால் அந்தக் கம்பீரம் வந்திருக்காது, பாடிப் பாருங்கள், தெரியும்.

அப்புறம் 'மூன்றெழுத்தில் என் மூச்சிருக்கும்' (தெய்வத்தாய், 1964). கதைக்குள் அந்த மூன்றெழுத்து கடமை, பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். ஆனால் எம்.ஜி.ஆர். அப்போது தி.மு.க.வில் இருந்தார், கொட்டகையில் இருந்தவர்கள் அந்த மூன்றெழுத்தைக் கட்சியாகவும் கேட்டார்கள், அண்ணாவாகவும் கேட்டார்கள். ஒரே வரி, தணிக்கைக்கும் சரி, கதைக்கும் சரி, கட்சிக்காரனுக்கும் சரி. அந்த வாலியே 1994இல், அறுபதைத் தாண்டிய வயதில், 'காதலன்' படத்துக்கு 'முக்காலா முக்காபுலா' எழுதுகிறார். அதில் பொருள் தேடிப் பயனில்லை, சொல்லே தாள வாத்தியமாக வேலை செய்கிறது. அந்த மெட்டுக்கு அதுதான் தேவை என்று புரிந்துகொண்ட காது பெரிய காது.

சரணம்:

கீபோர்டு அண்ணே, நெடில் கணக்கு என்றால் 'கண்ணே கலைமானே'வை எப்படி விட்டீர்கள்? 'மூன்றாம் பிறை' 1982இல் வந்தது, கண்ணதாசன் 1981 அக்டோபரிலேயே காலமாகிவிட்டார், அவர் கடைசியாக எழுதிய பாட்டு. பல்லவியில் கண்ணே, கலைமானே, கன்னி, மயிலென, கண்டேன், உனை நானே, எல்லாச் சொல்லிலும் ண, ன, ம என்று மெல்லினம் வந்துகொண்டே இருக்கிறது. குழந்தை மனசோடு இருக்கும் ஒரு பெண்ணைத் தூங்க வைக்கும் பாட்டு அது. பொருளே தெரியாதவர் கேட்டாலும் தாலாட்டு என்று கண்டுபிடித்துவிடுவார். இன்னொன்று, சென்னையில் வாய்ப்பில்லாமல் ஊருக்குத் திரும்ப இருந்த தன்னை நிறுத்தியது கண்ணதாசனின் 'மயக்கமா கலக்கமா' பாட்டுதான் என்று வாலியே எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறார்.

கீபோர்டுக்காரன்:

'கண்ணே கலைமானே' பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, மறுக்கவே மாட்டேன். ஆனால் மயக்கமா கலக்கமா கதை வாலியின் நன்றியுணர்வைக் காட்டுகிறது, யார் பெரியவர் என்பதைக் காட்டவில்லை.

நாற்றங்கால்:

என்ன தோழர்களே, இவ்வளவு தூரம் வந்தும் பட்டுக்கோட்டையை ஒருவரும் தொடவில்லை. இருபத்தொன்பது வயதில் இறந்த மனுஷன். கண்ணதாசனுக்கும் வாலிக்கும் கிடைத்த காலம் அவருக்குக் கிடைத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அவரைப் பற்றிப் பேசினால் உடனே புரட்சிக் கவிஞர், பொதுவுடைமை, 'சின்னப் பயலே சின்னப் பயலே' என்று போய்விடுவார்கள். அதுவும் பெரிய பாட்டுதான். சிறுவனுக்குப் புத்தி சொல்கிற மாதிரி தொடங்கித் தனியுடைமைக் கொடுமை வரை கொண்டுபோய் நிறுத்துகிறார், ஆனாலும் ஒரு இடத்தில்கூட மேடைப் பேச்சு வாடை இல்லை. ஆனால் நான் காட்ட நினைப்பது காதல் பாட்டு. 'கல்யாண பரிசு' (1959), ஏ.எம். ராஜா இசை. 'உன்னைக் கண்டு நானாட' என்று சுசீலா பாடுவது தீபாவளிக் கொண்டாட்டம். அதே படத்தில் அதே பாட்டு சோகமாக ராஜா குரலில் திரும்ப வருகிறது, அங்கே 'உன்னைக் கண்டு நான் வாட'. அவ்வளவுதான் மாற்றம். ஆடிய இடத்தில் வாடுகிறார்கள், சந்தம் கொஞ்சமும் கலையவில்லை, கேட்பவருக்குப் பழைய பாட்டும் காதில் ஓடுகிறது, அந்தச் சந்தோஷம் எங்கே போயிற்று என்ற வலியும் சேர்ந்து வருகிறது. பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் இது வராது. அந்தப் படத்து 'வாடிக்கை மறந்ததும் ஏனோ' பாட்டைக் கேளுங்கள், சைக்கிளில் போகும் இரண்டு பேர் பேச்சுவாக்கில் சண்டை போடுகிற மாதிரியே இருக்கும்.

ஒரு சொல்லைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது என்பது பட்டுக்கோட்டைக்குத்தான் பொருந்தும்.

மழைக்கால ரசிகை:

இதுவரை பேசப்பட்ட எல்லாரும் ஆண் பாடலாசிரியர்கள், பேசியவர்களும் ஆண்கள் என்றுதான் தோன்றுகிறது. பெண்ணின் ஆசையை, பெண்ணின் ஏக்கத்தைத் தமிழ்ப் பாட்டில் கிட்டத்தட்ட எல்லாக் காலமும் ஆண்களே எழுதியிருக்கிறார்கள். 'குடியிருந்த கோயில்' (1968) படத்தில் 'குங்குமப் பொட்டின் மங்கலம்' எழுதியவர் ரோஷனாரா பேகம் என்ற பெண், இது எத்தனை பேருக்குத் தெரியும்? நான் தாமரையைச் சொல்கிறேன். 'வசீகரா' (மின்னலே, 2001).

அந்தப் பாட்டில் வருகிற பெண் என்ன கேட்கிறாள் என்று பாருங்கள். நிலாவைக் கொண்டுவா, நட்சத்திரத்தைப் பறித்துத் தா என்று கேட்கவில்லை. அடைமழையில் சேர்ந்து நனைய வேண்டும், அப்புறம் காய்ச்சலோடு ஒரே போர்வைக்குள் தூங்க வேண்டும். அவன் குளித்துவிட்டு வந்து அவள் சேலை நுனியில் தலை துடைத்துக்கொள்ள வேண்டும். பாட்டிலேயே அதற்குக் கவிதை என்று பேர் வைக்கிறாள். ஒரு பெண்ணின் உடம்பை வர்ணிக்கும் பாட்டு ஆயிரம் இருக்கிறது, ஒரு பெண் பக்கத்தில் இருந்து பார்த்து ஆசைப்படும் பாட்டு எத்தனை இருக்கிறது? பாம்பே ஜெயஸ்ரீ அதைச் சத்தமில்லாமல் பாடுகிறார், வரிகளும் அப்படித்தான், யாருக்கும் கேட்காமல் தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி. இரட்டை அர்த்தம் எழுத மாட்டேன், ஆங்கிலம் கலக்க மாட்டேன் என்று நிபந்தனை வைத்துக்கொண்டு இந்தத் துறையில் நின்றவர் அவர். எனக்கு அதுவும் சேர்த்துத்தான் பெரியவர்.

பொன்மாலை:

வைரமுத்துவுக்காக யாராவது பேச வேண்டும் இல்லையா, நான் பேசுகிறேன். 1980இல் 'நிழல்கள்' படத்தில் 'இது ஒரு பொன்மாலைப் பொழுது' வந்தபோது அது வேறு மொழியாகக் கேட்டது. வானம் வெட்கப்பட்டு உடை மாற்றிக்கொள்கிறது என்று அந்தி நேரத்தைப் பார்க்கும் பார்வை புதுக்கவிதையிலிருந்து நேராகப் பாட்டுக்குள் வந்தது. அதற்கப்புறம் வந்தவர்கள் எல்லாரும் அந்தப் பாதையில்தான் நடந்தார்கள், முத்துக்குமார் உட்பட. 1992இல் 'சின்னச் சின்ன ஆசை' வந்தது, ரகுமானுக்கு முதல் படம், எவ்வளவு எளிமையான சொற்கள், ஒரு கிராமத்துப் பெண் தன் ஆசைகளை விரல் விட்டு எண்ணுகிற மாதிரி. கடினமாக எழுதுவார் என்று அவரைச் சொல்பவர்கள் இதைக் கேட்க வேண்டும்.

கம்பன்பித்தன்:

பொன்மாலை, முதல் பாட்டைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 'இருவர்' படத்து 'நறுமுகையே' எனக்கு எப்போதும் உறுத்தும். அதில் வரும் "அற்றைத் திங்கள்" புறநானூறு 112, பாரி இறந்தபின் அவருடைய மகள்கள் பாடியது. போன மாத நிலாவில் எங்களுக்கு அப்பா இருந்தார், எங்கள் மலையும் எங்களிடம் இருந்தது, இந்த மாத நிலாவில் இரண்டும் இல்லை என்ற அழுகை. அதை எடுத்துக் குளத்தில் குளித்த பெண்ணைப் பார்த்துக் காதலன் கேட்கும் கேள்வியில் வைத்திருக்கிறார். ஓசை அபாரமாக இருக்கிறது, நானும் முணுமுணுப்பேன். ஆனால் அந்த இரண்டு பெண்களின் துக்கம் எங்கே போனது? சற்று முன்னால் சரணம் சொன்னதை நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். பட்டினத்தாரை எடுத்த கண்ணதாசன் அந்தப் பாட்டின் வலியையும் சேர்த்து எடுத்தார், வேறு முடிவு கொடுத்தார். இங்கே சொல் மட்டும் வந்திருக்கிறது.

பொன்மாலை:

அந்தக் காட்சியே 1950களின் சினிமாவுக்குள் எடுக்கப்படும் ஒரு சினிமாப் பாட்டு. பழைய படங்களில் புலவர் தமிழில் காதல் பேசுவார்கள் இல்லையா, அந்த வாசனைக்காகத்தான் சங்கச் சொல். அந்த வேலையை அது செய்துவிட்டது. அதோடு, அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுப் புறநானூற்றைத் தேடிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

வெயில்:

நா. முத்துக்குமாருக்கு ஒரே பத்தி. 'வெயிலோடு விளையாடி' (வெயில், 2006). கதை சொல்லவில்லை, தத்துவம் சொல்லவில்லை, பிள்ளைப் பருவத்துப் பொருட்களையும் விளையாட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார், கேட்டு முடிக்கும்போது நாம் எதையோ தொலைத்துவிட்டது தெரிகிறது. 'தங்க மீன்கள்' படத்து 'ஆனந்த யாழை' அப்பா மகள் பாட்டுக்கே புது இலக்கணம். 2013, 2014 என்று அடுத்தடுத்து தேசிய விருது, 2016இல் நாற்பத்தொரு வயதில் போய்விட்டார். பட்டுக்கோட்டைக்குக் காலம் கிடைக்கவில்லை என்று தோழர் நாற்றங்கால் வருத்தப்பட்டது எங்கள் தலைமுறைக்கும் உண்டு.

பாட்டுப்புத்தகம்:

எல்லாருக்கும் நன்றி, நான் எதிர்பார்த்ததை விட நன்றாகப் போகிறது. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும்.

ஒன்று, மருதகாசியை ஒருவரும் சொல்லவில்லை. 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) படத்து 'மணப்பாறை மாடு கட்டி' பாட்டில் ஒரு விவசாயியின் முழு வருஷமும் இருக்கிறது. மணப்பாறை மாடு, மாயவரம் ஏர், ஆத்தூர் கிச்சிலிச் சம்பா விதை, அறுவடை, பொள்ளாச்சிச் சந்தை, விருதுநகர் வியாபாரி. அதோடு நிறுத்தாமல், வந்த பணத்தைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடு, அவர்கள் அதைப் பெருக்குவார்கள் என்று வீட்டு வரவு செலவு வரை போகிறார். எந்த ஊரில் எது நல்லது என்று தெரிந்த ஒருவர்தான் இப்படி எழுத முடியும். சுடுகாட்டுப் பாட்டு என்றால் 'வீடு வரை உறவு'க்கு ஆறு வருஷம் முன்னாலேயே, 'ரம்பையின் காதல்' (1956) படத்தில் 'சமரசம் உலாவும் இடமே' எழுதிவிட்டார். அதைப் பட்டுக்கோட்டை பாட்டு என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

இரண்டாவது அதுதான். வாலியின் 'மாதவிப் பொன்மயிலாள்' கண்ணதாசன் பெயரில் சுற்றுகிறது, கங்கை அமரனின் 'செந்தூரப் பூவே'யும் அப்படியே. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயர் இருந்தது. இப்போது யூடியூபில் நடிகர் பெயர், நடிகை பெயர், இசையமைப்பாளர் பெயர் எல்லாம் தலைப்பில் இருக்கும், எழுதியவர் பெயரைக் கீழே தேட வேண்டும், பல இடங்களில் கீழேயும் இருக்காது. யார் பெரியவர் என்று சண்டை போடுவதற்கு முன்னால் யார் எழுதியது என்றாவது தெரிய வேண்டும்.

என் ஓட்டு கண்ணதாசனுக்கு. சரணம் காட்டிய அந்த நாலாவது அடிக்காக. ஆனால் 'நான் வாட' பற்றி நாற்றங்கால் எழுதியதைப் படித்தபிறகு அந்த இரண்டு பாட்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன், இரண்டாமிடம் யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நாற்றங்கால்:

இரண்டாமிடமா? 'சமரசம் உலாவும் இடமே'யையும் 'வீடு வரை உறவு'வையும் அடுத்தடுத்துக் கேளுங்கள் நண்பரே. மருதகாசி சாவில் எல்லாரும் சமம் என்கிறார், கண்ணதாசன் சாவில் எல்லாரும் தனி என்கிறார். சாவுக்கு முன்னாலேயே சமமாக வாழ வழி செய் என்று எழுதியவர் பட்டுக்கோட்டை. என் ஓட்டை நான் மாற்றுவதாக இல்லை.